தீர்மானமும் 'தொடரும்'

2023 செப்டம்பர் 8ஆம் தேதி நடிகர் மாரிமுத்து இறந்துபோனார். சன் டி.வி.யின் 'எதிர்நீச்சல்' தொடருக்காக டப்பிங் பேசிக்கொண்டிருந்தபோது மாரடைப்பு. அந்தத் தொடரில் அவர் ஆதி குணசேகரன். ஏறக்குறைய ஒரு வாரம் கழித்து, அரசாங்கத்தின் மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாய் முதல் தடவையாகப் பெண்களின் கணக்குகளில் விழத் தொடங்கியது. சம்பந்தமில்லாத இந்த இரண்டு சமாச்சாரங்களும் கள்ளக்குறிச்சியில் என் கவுன்ட்டர் முன்னால் ஒன்றாக வந்து நின்றன. கச்சிராயபாளையத்திலிருந்தும் சங்கராபுரத்திலிருந்தும் பஸ் ஏறி வந்த பெண்கள், பணம் வந்துவிட்டதா என்று பாஸ்புக்கில் பதிந்து பார்ப்பதற்காக வரிசையில் நின்றுகொண்டு, குணசேகரன் செத்துப்போனதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"நல்லாப் பேசுவாருப்பா" என்றாள் ஒருத்தி. "இனிமே யாரு அந்த மாதிரி பேசப்போறா."

எனக்கு எரிச்சலாக இருந்தது. மாரிமுத்து என்ற மனிதரின் மரணம் வேறு. அதில் யாருக்கும் வருத்தம் வரும். 'கண்ணும் கண்ணும்' எடுத்தவர், நல்ல வாசகர் என்று கேள்வி. ஆனால் வரிசையில் நின்றவர்கள் துக்கம் கொண்டாடியது அவருக்கு மட்டும் அல்ல. படித்த பெண்களாகப் பார்த்துத் தம்பிகளுக்குக் கட்டிவைத்து, கட்டிவந்த பிறகு அடுக்களைக்குள் அடைத்துப்போடுகிற ஒரு மனிதனுக்கும் சேர்த்துத்தான். தன் தங்கையை அவள் விரும்பாதவனுக்குப் பிடித்துக் கட்டிவைத்தவனுக்கு. அதுவும் எந்த வரிசையில்? தங்கள் பெயரில், தங்கள் கணக்கில், யாரையும் கேட்காமல் எடுத்துக்கொள்ளத்தக்க ஆயிரம் ரூபாய்க்காக நிற்கிற வரிசையில்.

நான் தொலைக்காட்சித் தொடர் பார்க்கிறவன் அல்ல என்று அதுவரை சொல்லிக்கொண்டிருந்தேன். இது நம் வட்டத்தில் ஒரு கௌரவம். அந்த எரிச்சலுக்குப் பிறகு பார்க்க ஆரம்பித்தேன். பழைய பகுதிகளை இரவில் போனில் பார்த்தேன். இருநூறுக்கு மேல் பார்த்திருப்பேன். பார்த்தபின் தோன்றியவற்றைச் சொல்கிறேன். இதை விமரிசனம் என்று எடுத்துக்கொள்வதா வேறென்ன என்று எனக்கே நிச்சயமில்லை.

2022 பிப்ரவரியில் தொடங்கிய 'எதிர்நீச்சல்' பெண்களின் கதை என்று சொல்லிக்கொண்டுதான் வந்தது. மதுரைப் பக்கத்து வசதியான குடும்பம். ஈஸ்வரி, ரேணுகா, நந்தினி, கடைசியாக வந்து சேரும் ஜனனி என்று நான்கு மருமகள்கள். நான்கு பேரும் ஒருவருக்கொருவர் எதிரிகள் இல்லை. தமிழ்த் தொடர்களின் சரித்திரத்தில் இது சாதாரண விஷயம் அல்ல. மாமியாரும் நாத்தனாரும் மருமகளுக்கு விஷம் வைத்துக்கொண்டிருந்த திரையில், நான்கு பெண்கள் அடுப்பைச் சுற்றி நின்று ஒருத்திக்கொருத்தி தைரியம் சொல்கிறார்கள். பெயரில்லாத சின்னச்சின்ன அவமானங்களைத் தொடரை எழுதியவர்கள் கூர்ந்து பார்த்திருக்கிறார்கள். வெளியே போகிற பெண்ணை 'எங்கே' என்று கேட்கிற தொனி, சாப்பாட்டு மேஜையில் நின்றுகொண்டே பரிமாறுகிற கால்கள், கல்யாணத்துக்கு முன் வாங்கிய பட்டம் பீரோவின் அடியில் கிடப்பது. இதெல்லாம் வாஸ்தவம். இதை ஒப்புக்கொள்ளாமல் மேலே பேசினால் அது விமரிசன அகங்காரமாகத்தான் இருக்கும்.

பின் எங்கே கெட்டுப்போகிறது?

பாஷையில் என்று முதலில் நினைத்தேன். குணசேகரனுக்கு ஒரு பேச்சுமொழி இருக்கிறது. அதற்கு ஊர் இருக்கிறது, இழுவை இருக்கிறது, மூச்சு விடும் இடம் இருக்கிறது. கூப்பிடுகிற ஒரு விளியே தமிழ்நாடு பூராவும் போனில் துண்டுபடமாகச் சுற்றியது. பள்ளிக்கூடப் பையன்கள் சொல்லிப் பார்த்தார்கள். அவனோடு சேர்ந்து அட்டூழியம் செய்கிற கரிகாலனுக்கும் ஹாஸ்யம் கொடுத்தாகிவிட்டது. ஒரு பெண்ணை வலுக்கட்டாயமாகக் கட்டிக்கொள்ளப் போகிறவனைப் பார்த்து வீடு முழுக்கச் சிரிக்கிறது. ஆனால் ஜனனி பேசத் தொடங்கினால் மேடைத் தமிழ். சமத்துவம், சுயமரியாதை, உரிமை. அவள் சொல்வது அத்தனையும் சரி. ஆனால் அவள் எந்த ஊர், எந்தத் தெரு, எதைக் கண்டால் அவளுக்குச் சிரிப்பு வரும் என்பது அந்தப் பேச்சில் இல்லை. நியாயத்தைப் பெண்களுக்குக் கொடுத்துவிட்டு, தமிழை அவனுக்குக் கொடுத்துவிட்டார்கள். பார்க்கிறவர்கள் மனசில் நியாயமா நிற்கும், தமிழா நிற்கும்? வரிசையில் நின்ற அந்தப் பெண் சொன்னது அதுதான். நல்லாப் பேசுவாருப்பா.

மாரிமுத்துவுக்குப் பிறகு அந்தப் பாத்திரத்துக்கு யாரைக் கொண்டுவந்தார்கள் என்பதும் யோசிக்கவேண்டிய ஒன்று. 'குற்றப் பரம்பரை' எழுதிய வேல ராமமூர்த்தியை. நம்மில் ஒருவரை, பாஷையின் ருசி அறிந்த எழுத்தாளரை. அவர் நடிப்பைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. குணசேகரன் என்பவன் முகம் மாறினாலும் பேச்சு நிற்கக்கூடாத ஒருவன் என்று அந்தத் தொடருக்குத் தெரிந்திருந்தது என்பதற்காகச் சொல்கிறேன்.

இரண்டாவது, காலம். இதை நான் புரிந்துகொள்ள நாளாயிற்று. வாரத்தில் ஐந்து அல்லது ஆறு நாள், நாளுக்கு இருபது நிமிஷம் சொச்சம், வருஷக்கணக்காக ஓடவேண்டிய ஒன்றில் யாரும் எதையும் முடிவெடுத்துவிடக் கூடாது. எடுத்தால் கதை தீர்ந்துபோகும். அதனால் பெண் வாசல்படி தாண்டுகிறாள்; வாரக் கடைசியில் யாருக்காவது நெஞ்சுவலி வருகிறது; திங்கட்கிழமை அவள் மறுபடி அடுக்களையில் இருக்கிறாள். ஒருத்தி சமையல் ஆர்டர் எடுக்கக் கிளம்புகிறாள், ஒருத்தி நடனம் சொல்லிக்கொடுக்கக் கிளம்புகிறாள். கிளம்புவதைப் பல வாரம் காட்டுகிறார்கள், போய்ச் சேர்ந்ததை ஒரு நாள். அப்பத்தாவின் நாற்பது சதவீதப் பங்கு மாசக்கணக்கில் கைமாறிக்கொண்டே இருந்தது. பெண்ணின் பலம் அவளுடைய அறைகூவலில் இருப்பதாக எழுதுகிறவர்கள் நினைக்கிறார்கள். எனக்குப் படுவது வேறு. ஒருத்தி எடுத்த முடிவுக்குப் பிறகு உலகம் முன்பிருந்த மாதிரி இல்லாமல் போகவேண்டும். அவளுக்கு நல்லதாகத்தான் போகவேண்டும் என்றில்லை. மாறிப்போக வேண்டும், அவ்வளவுதான்.

கல்லூரியில் எங்களுக்கு இப்ஸனின் 'ஒரு பொம்மை வீடு' பாடமாக இருந்தது. 1879இல் நோரா கதவைச் சாத்திக்கொண்டு வெளியேறினாள். அடுத்த வருஷமே ஜெர்மனியில் அந்த வேஷம் கட்டவேண்டிய நடிகை, பெற்ற பிள்ளைகளை விட்டுப் போகிறவளாக நடிக்கமாட்டேன் என்றாள். வேறு யாராவது கைவைப்பதற்கு முன் தானே மாற்றிவிடுவது மேல் என்று இப்ஸன் வேறொரு முடிவு எழுதிக் கொடுத்தார். ஹெல்மர் அவளைக் குழந்தைகள் தூங்கும் அறை வாசலுக்கு இழுத்துப்போகிறான். அவள் பார்க்கிறாள், துவண்டு விழுகிறாள், திரை. அது காட்டுமிராண்டித்தனம் என்று இப்ஸனே பிற்பாடு சொன்னார். வகுப்பில் இதை ஒரு வேடிக்கையாகத்தான் சொன்னார்கள். இப்போது தோன்றுகிறது, நம் வீட்டில் ஒவ்வொரு வாரமும் நடப்பது அந்த ஜெர்மன் முடிவுதான். திரை விழுவதற்குப் பதில் 'தொடரும்' என்று எழுத்து விழுகிறது.

இதற்கு நேர் எதிராக நம்மிடம் ஒரு உதாரணம் இருக்கிறது. 1966இல் 'அக்கினிப் பிரவேசம்' எழுதிய ஜெயகாந்தன், அந்தக் கதையின் முடிவில் அம்மா வேறுவிதமாக நடந்துகொண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்து 'சில நேரங்களில் சில மனிதர்கள்' எழுதினார். ஒருத்தி மகள் தலையில் தண்ணீரை ஊற்றி விஷயத்தை மூடினாள். இன்னொருத்தி கூச்சல் போட்டாள். அந்த ஒரு நிமிஷ வித்தியாசத்திலிருந்து ஒரு நாவல், ஒரு பெண்ணின் முழு ஆயுள். ஜெயகாந்தனிடம் எனக்குச் சண்டைகள் உண்டு. ஆனால் ஒரு முடிவுக்கு என்ன எடை என்று அவருக்குத் தெரிந்திருந்தது. 1974இல் பாலசந்தர் தன் படத்துக்கு 'அவள் ஒரு தொடர்கதை' என்று பெயர் வைத்தபோது, குடும்பத்துக்காக உழைத்தே தீரவேண்டிய ஒரு பெண்ணின் மீளமுடியாத சோகமாக அந்தத் 'தொடர்கதை' இருந்தது. பிறகு அதுவே வியாபாரத்தின் வடிவமாகிவிட்டது.

இவ்வளவும் எழுதிவிட்டு நிறுத்தியிருக்கலாம். நம் பத்திரிகைகளுக்கு இது போதும். ஆனால் இதை எழுத எனக்கு என்ன யோக்யதை என்ற கேள்வி இருக்கிறது.

2007இல் எனக்குப் பதினேழு வயது. எங்கள் வீட்டில் அப்போது 'கோலங்கள்'. அதுவும் திருச்செல்வம் இயக்கியதுதான். அங்கும் வில்லன் பெயர் ஆதிதான். 2003 முதல் 2009 வரை ஓடியது. தேவயானி அபியாக நடித்தார். கணவனைப் பிரிந்து, கட்டடத் தொழிலில் ஆண்களுக்கு நடுவே நின்று ஜெயிக்கிற அபி. அம்மாவுக்கு அபி என்றால் உயிர். அப்பாகூட சோறு தின்னும்போது கையை நிறுத்திவிட்டுப் பார்ப்பார்.

அந்த வருஷம் ஐப்பசி மழையில் அக்கா வந்தாள். சின்னசேலம் பக்கத்தில் கட்டிக்கொடுத்து மூன்று வருஷம். இடுப்பில் குழந்தை. 'இனிமே அங்க போவலம்மா' என்றாள். காரணம் யாரும் கேட்கவில்லை, அவள் கழுத்தில் இருந்த தழும்பைப் பார்த்தோம். மூன்று ராத்திரி எங்களோடு உட்கார்ந்து அவளும் 'கோலங்கள்' பார்த்தாள். அபி யாரையோ எதிர்த்துப் பேசினாள். 'பொம்பளன்னா இப்படி இருக்கணும்' என்றாள் அம்மா, அக்காவை வைத்துக்கொண்டே. பரிகாசமாக இல்லை, மனப்பூர்வமாகச் சொன்னாள். நாலாம் நாள் காலை அப்பா என் கையில் பஸ்ஸுக்குப் பணம் கொடுத்தார். பேசவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு அக்காவைக் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் கொண்டுபோய் விட்டவன் நான். 'போய்ப் படி' என்றாள் பஸ்ஸில் ஏறினதும்.

அபி எங்களிடம் எதையும் கேட்கவில்லை. சோறு போடச் சொல்லவில்லை, அக்கம்பக்கத்துக்குப் பதில் சொல்லச் சொல்லவில்லை, ஒரு அறையைக் காலி செய்யச் சொல்லவில்லை. அதனால் அவளை ஆராதிக்க முடிந்தது. தொடர் பலமான பெண்ணை பலவீனமாக்கிக் காட்டுகிறது என்று சொல்வது சுலபம். பலமாகவே காட்டியபோது அவளை வைத்துக்கொண்டு நாங்கள் என்ன செய்தோம் என்பதுதான் என்னைத் தொந்தரவு செய்கிறது.

வேலையில் சேர்ந்த பிறகு பதினான்கு மாசம் கல்வராயன் மலையில் ஒரு கிளையில் போட்டார்கள். கோமுகி அணையைத் தாண்டி வளைவுகள் ஏறி வெள்ளிமலைப் பக்கம். 1976 வரை ஜாகிர்தார்களின் ஆளுகையில் இருந்த மலை. சாமையும் மரவள்ளியும் கடுக்காயும். 2006க்குப் பிறகு அரசாங்கம் கொடுத்த பதினான்கு அங்குல வண்ணப் பெட்டிகள் அங்கும் ஏறியிருந்தன. பல வீடுகளில் படம் மங்கிப் பச்சையாகிப்போய், துணி போர்த்தி, மேலே சாமி படம் வைத்திருந்தார்கள். ஓடுகிற வீடுகளில் மதுரைக் குடும்பத்தின் மாடிப்படியும் சோபாவும். அந்த வீட்டுப் பெண்கள் வெளியே போக அனுமதி கேட்டு அழுவதை, விடியற்காலையில் காட்டுக்குப் போய்விட்டு வந்த மலையாளிப் பெண்கள் உட்கார்ந்து பார்த்தார்கள்.

அங்கேதான் தீர்மானப் புத்தகங்களைப் படித்தேன். மகளிர் சுய உதவிக் குழு பணம் எடுக்கவோ கடன் கேட்கவோ வந்தால் தீர்மானம் எழுதிக் கொண்டுவர வேண்டும். கோடு போட்ட நோட்டு. இந்தத் தேதியில், இன்னார் தலைமையில், இத்தனை பேர் கூடி, இன்னது முடிவு செய்தோம். கீழே கையெழுத்துகள், கைநாட்டுகள். ஒரு குழு தன் தலைவியையே மாற்றித் தீர்மானம் போட்டுக் கொண்டுவந்தது. பழைய தலைவி ஊரில் செல்வாக்கான வீடு. வசூல் பணத்தை அவள் வீட்டுக்காரர் வாங்கிச் செலவழித்துவிட்டார். தீர்மானத்தில் வசவு இல்லை, நியாயம் பேசவில்லை. 'இனி பணம் பெண்கள் கையிலேயே இருக்க வேண்டும் என்று முடிவு செய்யப்பட்டது' என்று ஒரு வரி. பன்னிரண்டு பேர். பழைய தலைவியின் கையெழுத்தும் இருந்தது.

படிவத்தில் ஒரு பெயரில் எழுத்துப் பிழை என்று நான் அதைத் திருப்பி அனுப்பினேன். விதி அப்படி. மறுநாளும் பஸ் ஏறி வந்தார்கள், அதே பன்னிரண்டு பேரும். புதுத் தலைவி நோட்டை என் பக்கம் தள்ளினாள். "நல்லாப் பாத்துக்க சாரு. நாளைக்கி எங்களால வரமுடியாது." குரலை உயர்த்தவில்லை. அவளுக்குப் பின்னணி இசை போடுவது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை. அவளைத் தொடராக எழுதினால் பழைய தலைவியின் வீட்டுக்காரனிடமிருந்து ஆரம்பிப்பார்கள். அவன்தானே பேசுவான்.

2024 ஜூன் 8ஆம் தேதி 'எதிர்நீச்சல்' முடிந்தது. பத்து நாள் கழித்து எங்கள் ஊர் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து ஆட்கள் விழத் தொடங்கினார்கள். அறுபது பேருக்கு மேல் செத்தார்கள். எல்லாச் சேனல்களின் காமிராக்களும் வந்து இறங்கின. மார்பில் அடித்துக்கொண்டு அழுகிற பெண்களை எடுத்தார்கள், அழுகை நின்றால் காத்திருந்தார்கள். அழுகை பொய் அல்ல. ஆனால் அதற்கு முந்தின வருஷங்களில் அந்தத் தெருவை நடத்திக்கொண்டிருந்தவர்கள் அவர்கள்தான் என்பதற்குக் காமிராவில் இடமில்லை. செத்தவர் குடும்பத்துக்கு அரசாங்கம் பத்து லட்சம் அறிவித்தது. சில வாரம் கழித்து என் கவுன்ட்டருக்கு ஒரு அம்மாள் வந்தாள். இரண்டே கேள்விகள் கேட்டாள். வட்டியை மாசாமாசம் எடுக்கலாமா? தன் மச்சினன் வந்து கேட்டால் நாங்கள் கணக்கு விவரம் சொல்லுவோமா? சொல்லமாட்டோம் என்றேன். சரி என்று போனாள். அந்த இரண்டாவது கேள்விக்குள் ஒரு நாவல் இருக்கிறது. எந்தச் சேனலும் அதை எடுக்கவில்லை. நானும் எழுதவில்லை.

அக்கா இப்போது கள்ளக்குறிச்சியில்தான் இருக்கிறாள். 2013இல் வந்தாள். இந்தத் தடவை எங்கள் வீட்டுக்கு வரவில்லை. ஒரு அறையும் தாழ்வாரமும் வாடகைக்குப் பிடித்து, பள்ளிக்கூட யூனிபாரம் தைக்கிற வேலை எடுத்துக்கொண்டு, அதற்குப் பிறகுதான் எங்களுக்குச் சொல்லி அனுப்பினாள். எந்தத் தேதியில் முடிவெடுத்தாள் என்று எங்களில் யாருக்கும் தெரியாது. வாசல்படிக் காட்சி எதுவும் நடக்கவில்லை.

அவளும் 'எதிர்நீச்சல்' பார்த்தாள் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. முடிந்து அதே வருஷம் டிசம்பரில் அதன் இரண்டாம் பாகம் தொடங்கியபோது, ஒரு ராத்திரி அவள் வீட்டில் இருந்தேன். மிஷினில் தைத்துக்கொண்டே பார்க்கிறாள். பார்க்கிறாள் என்பதைவிட, கேட்கிறாள். குணசேகரன் பேச ஆரம்பித்ததும் மிஷினை நிறுத்தாமல் இவள் பதில் சொல்கிறாள். தொடரில் அந்தப் பெண்கள் சொல்வதற்கு முன்னால். ஒரு வார்த்தை, இரண்டு வார்த்தை. ஒன்றிரண்டு அச்சில் போடக்கூடியவை அல்ல. ஜனனியின் நீண்ட வசனத்தைக் கேட்டுவிட்டு, "இவ்வளவு எதுக்கு" என்றாள்.

ஏன்க்கா இதைப் பார்க்கிறாய் என்று கேட்டேன். நான் வைத்திருந்த பாஷைத் தத்துவத்தை, வில்லனுக்குத் தமிழைக் கொடுத்துவிட்டார்கள் என்பதை, அவளுக்குப் புரிகிற மாதிரி சொன்னேன். புரிகிற மாதிரி என்று நினைத்துக்கொண்டதே என் வியாதி. கேட்டுவிட்டுச் சொன்னாள்:

"உங்க மாமா ஒம்போது வருசத்துல ஒரு சண்டைக்கும் வாயத் தொறந்து பேசினதில்ல தம்பி. தட்டத் தள்ளுவாரு, கைய நீட்டுவாரு, போயிடுவாரு. பதில் சொல்லணும்னா எதிர்ல ஒரு பேச்சு வேணுமில்ல? இவன் பேசறான். நான் சொல்றன்."

என் வாதம் இதனால் தப்பாகிவிட்டது என்று நான் நினைக்கவில்லை. எழுதியவர்கள் அவனுக்குக் கொடுத்ததை அந்தப் பெண்களுக்குக் கொடுக்கவில்லை என்பது உண்மைதான். ஆனால் பார்க்கிறவள் அதை வாங்கி வேறு எதற்கோ வைத்துக்கொள்கிறாள் என்பதை நான் யோசித்திருக்கவில்லை. கவுன்ட்டர் வரிசையில் நின்றவர்களையும் இப்போது வேறு மாதிரி நினைத்துப் பார்க்கிறேன். 'நல்லாப் பேசுவாருப்பா' என்றவள் தன் வீட்டில் எத்தனை வருஷம் பேச்சில்லாத ஒருவனோடு இருந்தாள் என்று எனக்குத் தெரியாது. அவள் துக்கப்பட்டது தன் எதிராளிக்காக இருக்கலாம். பதில் சொல்லிப் பழகுவதற்கு இருந்த ஒரே எதிராளி.

அம்பையின் 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை'யில் சமையலறை என்பது கடைசியில் தலைக்குள் இருக்கிற இடம். தொடர்க்காரர்கள் அதைச் செட் போட்டுச் சுவரோடு கட்டிவிட்டார்கள். சுவரை விட்டு வெளியே வந்தால் போதும் என்று ஆகிவிட்டது. தலைக்குள்ளிருந்து வெளியே வருவதற்கு எத்தனை வருஷம் ஆகும், அதற்கு எத்தனை ராத்திரி மிஷின் முன்னால் உட்கார்ந்து முணுமுணுக்கவேண்டும் என்பதை யாராவது எழுதினால் தொலைக்காட்சிக்கு அது தேறாது. பத்திரிகையில் எழுதலாம். நாமும் எழுதவில்லை என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

இந்தக் கட்டுரையை அச்சுக்குக் கொடுக்கும் முன் அக்காவிடம் படித்துக் காட்டினேன். அவளைப் பற்றி எழுதியிருக்கிறேன், அவளுக்குத் தெரியவேண்டும். கடைசிவரை கேட்டாள். தைத்த துணியின் நூலைப் பல்லால் கடித்துவிட்டுச் சொன்னாள்:

"ரெண்டு பை. ஒண்ணுதான் நீ தூக்கின."